எல்லையோரத்தில் எத்தனை பந்தயத் தடங்கள் தாங்கும்?

தை பிறந்துவிட்டால் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் சுவருக்குச் சுவர் ரேக்ளா பந்தய நோட்டீசுகள் தென்படுகின்றன. தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில், இரட்டை மாட்டு வண்டிகள் சாலையில் இறங்குகின்றன. இதே நாட்களில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளைத் தாண்டி மேற்கே பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழைந்தால் காட்சி மாறிவிடுகிறது. ஒரு காலத்தில் காளைப்பூட்டுக்குப் பெயர் பெற்ற வயல்களில் 2014க்குப் பிறகு சட்டப்படி மாடு ஓடியதில்லை.

ஒரு புறம் ஊருக்கு ஊர் பந்தயம். மறுபுறம் ஒன்றுகூட இல்லை. கிழக்கே "இத்தனை பந்தயங்கள் தேவைதானா?" என்று கேட்கிறார்கள். மேற்கே "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்கிறார்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் அடிப்படையில் ஒன்றுதான். எல்லையின் இருபுறமும் ஓட வேண்டியவை ஏறக்குறைய ஒரே மாடுகள். செலவழிய வேண்டியது ஒரே மக்களின் பணம். ஆகவே இந்த வட்டாரம் முழுவதற்கும் எத்தனை பந்தயத் தடங்கள் தாங்கும் என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு முந்திய விளையாட்டு

பாலக்காடு இன்றைய கேரளத்துடன் சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதற்கு முன் மலபார் ஜில்லாவும் கோயமுத்தூர் ஜில்லாவும் ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்தவை. சித்தூர் தாலுகாவின் பெரும்பகுதி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது என்றாலும், கொழிஞ்சாம்பாறை விவசாயிக்குச் சந்தை என்றால் பொள்ளாச்சிதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று போவது போலவே மாடும் போயிற்று. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய காளைகள் ஒற்றப்பாலத்துக்கு அருகேயுள்ள வாணியங்குளம் சந்தை வரை நடந்தே சென்ற காலம் உண்டு.

கணவாயின் கிழக்கே மண் வறண்டது, கிணற்றுப் பாசனம். கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் காங்கேயம் காளை தேவைப்பட்டது. வசதியுள்ள குடியானவர்கள் அவசரப் பயணத்துக்கு இலேசான இரட்டைச் சக்கர வண்டி வைத்திருந்தார்கள். அந்த வண்டியின் வேகப் போட்டியே ரேக்ளா. மேற்கே மண் ஈரமானது, நெல் வயல். சேற்றில் பரம்படிக்கும் ஜோடிகளில் எது முந்தும் என்று பார்த்ததே காளைப்பூட்டு. தெற்குக் கேரளத்தில் இதை மரமடி என்பார்கள். பத்தனம்திட்டை மாவட்டத்து ஆனந்தப்பள்ளியும், எர்ணாகுளம் மாவட்டத்துக் காக்கூரும் இதற்குப் பேர்போன ஊர்கள்.

இரண்டுமே வேலையிலிருந்து பிறந்த விளையாட்டுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை இருந்தவரை மாடு இருந்தது. மாடு இருந்தவரை பந்தயத்துக்குத் தனிச் செலவு இல்லை. இன்றைய சிக்கல் முழுவதும் அந்த வரிசை தலைகீழானதிலிருந்து வந்ததுதான்.

சட்டம் வந்த பாதை

மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011 ஜூலை 11ஆம் தேதி வெளியிட்ட அறிவிக்கையில், காட்சிப் பொருளாகப் பழக்கக் கூடாத பிராணிகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், ஜல்லிக்கட்டுக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் நாடெங்கும் காளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வாலைக் கடிப்பது, முறுக்குவது, குத்துவது போன்ற கொடுமைகள் அந்த வழக்கில் விரிவாகப் பேசப்பட்டன. பிராணிகளுக்கும் பசி, பயம், வலி இவற்றிலிருந்து விடுதலை உண்டு என்ற கருத்தைக் கோர்ட் முன்வைத்தது.

2016 ஜனவரி 7ஆம் தேதி மத்திய அரசு மீண்டும் ஓர் அறிவிக்கை மூலம் சில நிபந்தனைகளுடன் அனுமதி கொடுக்க முன்வந்தது. தமிழகத்துக்கு ஜல்லிக்கட்டு; மகாராஷ்டிரம், கர்நாடகம், பஞ்சாப், ஹரியானா, கேரளம், குஜராத் ஆகியவற்றுக்கு மாட்டு வண்டிப் பந்தயம். தடத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. கேரளத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததைப் பாலக்காட்டு விவசாயிகள் இன்றும் நினைவுபடுத்துவதுண்டு. ஆனால் ஐந்தே நாட்களில், ஜனவரி 12ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்தது.

2017 ஜனவரியில் மெரினாவிலும் தமிழகத்தின் மற்ற நகரங்களிலும் இளைஞர்கள் திரண்டதும், அவசரச் சட்டம் வந்ததும், சட்டசபை மசோதாவை நிறைவேற்றியதும், ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்ததும் எல்லோரும் அறிந்தவை. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் அதே வழியில் தங்கள் சட்டங்களைச் செய்துகொண்டன. 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் இந்த மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்று கூறியது. 2014இல் தடை விதித்த பெஞ்சுக்கும் 2023இல் அனுமதித்த பெஞ்சுக்கும் தலைமை வகித்த இரண்டு நீதிபதிகளும், கே.எஸ். ராதாகிருஷ்ணன், கே.எம். ஜோசப், கேரளத்தைச் சேர்ந்தவர்கள் என்பது ஒரு வினோதம்.

அந்த மூன்று மாநிலங்களில் கேரளம் இல்லை. இங்கே காளை ஓட வேண்டுமானால் அதற்கான பாதை சட்டசபையில் தொடங்கி ஜனாதிபதி மாளிகையில் முடிய வேண்டும். மத்தியச் சட்டத்துக்கு மாறாக ஒரு மாநிலம் செய்யும் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் இல்லாவிட்டால் உயிர் இல்லை.

தமிழகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஜல்லிக்கட்டு என்பதற்கு விளக்கம் சொல்லும்போது ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் இடங்களில், மரபையொட்டி நடத்தப்படும் நிகழ்ச்சி என்கிறது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா என்ற பெயர்களும் அதில் உள்ளன. ரேக்ளா, மாட்டு வண்டிப் பந்தயம் என்ற பெயர்கள் அந்த வாசகத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பந்தயமும் அதிகாரிகளின் அனுமதியையும், சில நேரங்களில் கோர்ட்டின் உத்தரவையும் நம்பி நடக்கிறது. சுவரில் நோட்டீசு ஒட்டியிருப்பதால் மட்டும் ஒரு பந்தயம் சட்டப்படியானது ஆகிவிடாது.

மூன்று வகைத் தடங்கள்

பந்தயத் தடம் என்று பொதுவாகச் சொன்னாலும் இந்த எல்லையில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் நிலமும் செலவும் வேறு வேறு.

முதலாவது கொங்கு நாட்டு ரேக்ளா தடம். 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்கோட்டில் ஓட்டம். ஒவ்வொரு வண்டியாக விட்டு, விநாடிக் கணக்கில் நேரம் பார்த்து, முந்தியவருக்குப் பரிசு. ஓடும் தூரம் சிறிதானாலும், எல்லையைத் தாண்டிய பிறகு மாடு வேகம் தணிந்து நிற்க அதற்கு மேலும் இடம் வேண்டும். இருபுறமும் வேலி வேண்டும். பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னந்தோப்புகளும் வீட்டு மனைகளும் பெருகிவிட்ட நிலையில் இத்தகைய நேரான மேய்ச்சல் தரை கிடைப்பது அரிதாகி வருகிறது.

இரண்டாவது தேனி, கம்பம் பக்கத்துச் சாலைப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, புள்ளிமான் என்று மாட்டின் பருவத்துக்கேற்பப் பிரிவுகள். சாரதியும் துணைச் சாரதியும் வண்டியில் இருக்க, பல கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்ப வேண்டும். இதற்குத் தனியாகத் தடம் என்று ஒன்று கிடையாது. தார்ச் சாலையே தடம். நிலச் செலவு இல்லை. ஆனால் போக்குவரத்தை நிறுத்த வேண்டும், போலீஸ் வேண்டும். கூடவே பாய்ந்து வரும் மோட்டார் சைக்கிள்களால் வரும் ஆபத்தும் சிறிதல்ல. ஓடும் மாட்டுக்கும் சாலையோரத்தில் நிற்கும் குழந்தைக்கும் நடுவே பல இடங்களில் ஒரு கயிறுகூட இருப்பதில்லை.

மூன்றாவது பாலக்காட்டுப் பூட்டு வயல். முதல் போக அறுவடை முடிந்து, அடுத்த நடவுக்கு முன் தண்ணீர் நிறுத்திய வயலே களம். பந்தயம் முடிந்ததும் அது மறுபடி நெல் வயல். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வயலை மேடாக்கி நிரந்தரத் திடல் கட்ட முடியாது. கட்டத் தேவையும் இல்லை. ஆனால் வயல் இருக்க வேண்டும். 1974-75இல் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெல் பரப்பு இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிஞ்சியதில் பெரும் பங்கு பாலக்காட்டில் இருப்பதால்தான் கோரிக்கையும் பாலக்காட்டில் பலமாக இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தின் நிலை இந்த மூன்றிலும் சேராதது. தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு தாலுகாக்களின் மலைச் சரிவில் 300 மீட்டர் சமதரை கிடைப்பதே கஷ்டம். அங்கே பந்தயத் தடம் இல்லை. பந்தய ரசிகர்கள் இருக்கிறார்கள். தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் விடுமுறையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இறங்கி வந்து கூட்டத்தைப் பெருக்குகிறார்கள். கீழே நடக்கும் பந்தயத்துக்கு மேலேயிருந்து வரும் கூலிப் பணமும் ஓர் ஆதாரம்.

மாடு எங்கே?

தடத்தை எண்ணுவதற்கு முன்னால் மாட்டை எண்ண வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறக்குறைய 34 லட்சம் பசுவினங்கள் இருந்தன. 2012, 2019 கணக்கெடுப்புகளில் அது 13 லட்சத்துச் சொச்சம்தான். அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை கலப்பினக் கறவை மாடுகள். 1963இல் மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பட்டியில் சுவிட்சர்லாந்து உதவியுடன் தொடங்கிய திட்டத்தின் பயனாகப் பால் பெருகியது. சுனந்தினி என்ற கலப்பினம் உருவாயிற்று. பால் குடிக்கும் யாரும் அதைக் குறை கூற முடியாது. ஆனால் அந்த இனத்துக் காளைக்கு நுகத்தடியைத் தாங்கும் திமில் சிறிது, வெயிலும் ஆகாது. உழவுக்கும் வண்டிக்கும் ஆகாத கன்றைப் பால்காரர் வைத்திருக்க மாட்டார். கேரளத்தில் காளைப்பூட்டு மாடு குறைந்ததற்குக் கோர்ட் தடை மட்டும் காரணமல்ல. டிராக்டரும் பால் கேனும் அதற்கு முன்பே வந்துவிட்டன.

ஆகவே பாலக்காட்டில் பூட்டு நடந்த காலத்திலேயே காளைகள் பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வந்தன. இன்றும் பாலக்காட்டு ஆர்வலர்கள் சிலர் மாடு வளர்த்துக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலைப் பந்தயங்களுக்குக் கொண்டு வருகிறார்கள். எல்லைக்கு மேற்கே வளரும் மாடு கிழக்கே ஓடுகிறது. அதே மாடு தன் சொந்த ஊரில் ஓடினால் உரிமையாளர் மீது வழக்கு.

கிழக்கிலும் மாடு பெருகிக் கிடக்கவில்லை. பைக்காரா மின்சாரம் 1932இல் வந்த பிறகு கோயமுத்தூர் ஜில்லாவில் பம்புசெட்டுகள் பரவின. கவலை மாட்டுக்கு வேலை குறைந்தது. பிறகு டிராக்டர், மினி லாரி. இன்று காங்கேயம் காளையை வளர்ப்பவர்களில் பந்தயத்தையும் இன விருத்தியையும் நம்பி வளர்ப்பவர்களே அதிகம். தேனிப் பக்கத்து மலை மாட்டின் கதையும் இதுவே. மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் போகக் கட்டுப்பாடுகள் வந்ததால் மந்தைகள் சிறுத்துவிட்டன. பந்தயம் இல்லாவிட்டால் இந்த இனங்கள் கசாப்புக் கடைக்குப் போகும் என்று பந்தய ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு

ஆனால் மாட்டைக் காப்பாற்றுவதற்காகப் பந்தயம் என்றால், பந்தயம் மாட்டைத் தின்னக் கூடாது. இங்கேதான் எண்ணிக்கைக் கேள்வி வருகிறது.

உதாரணத்துக்கு, ஒரு வட்டாரத்தில் பந்தயத்துக்குத் தகுதியான 100 ஜோடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி ஓடிய பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் மீண்டும் ஓட வேண்டும் என்று வைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 50 ஜோடிகள் கிடைக்கும். பார்க்கத் தகுந்த ஒரு பந்தயத்துக்கு 50 ஜோடிகள் வேண்டும் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பந்தயம். ஜனவரி முதல் மே வரை ஏறக்குறைய 21 ஞாயிற்றுக்கிழமைகள். ஆக அந்த வட்டாரம் தாங்கக் கூடியது ஆண்டுக்கு 21 பந்தய நாட்கள். தடம் எத்தனை என்பது இந்தக் கணக்கை மாற்றாது.

பத்து ஊர்களில் தடம் இருந்தால் ஓர் ஊருக்கு இரண்டு நாட்கள். இருபது ஊர்கள் என்றால் ஒரு நாள். நாற்பது ஊர்கள் கேட்டால் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு இடங்களில் பந்தயம் நடக்க வேண்டும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் 25 ஜோடிகள்தான் வரும், வசூல் குறையும், விழாக் கமிட்டி கடன்படும். அல்லது அதே ஜோடிகள் வாரந்தோறும் ஓட வைக்கப்படும். கால் வீங்கிய மாட்டுக்கு ஊசி போட்டு இறக்குவார்கள். சாட்டையின் வேலை கூடும். 2014இல் கோர்ட்டில் அடுக்கப்பட்ட கொடுமைகள் மீண்டும் தலைதூக்கும். தடங்கள் பெருகியதால் பந்தயமே பறிபோன கதையாகிவிடும்.

நோயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோமாரி பல ஊர் மாடுகள் ஒரே இடத்தில் கூடும்போதுதான் வேகமாகப் பரவும். 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமான மாடுகளைப் பலி கொண்ட தோல் கழலை நோய் இதற்கு அண்மைக் கால எச்சரிக்கை. பந்தயக் காளைக்கு வந்த நோய் பந்தயக் காளையோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டு ஏழையின் ஒற்றைக் கறவைக்கும் வரும்.

பணம் யாருடையது?

முன்பு பரிசு என்றால் ஒரு குத்துவிளக்கு, வேட்டி துண்டு, கொஞ்சம் ரொக்கம். இன்று தங்கக் காசு, மோட்டார் சைக்கிள் என்று உயர்ந்துவிட்டது. கோயில் திருவிழாவுக்காக நடந்த பந்தயம் கட்சித் தலைவர்களின் பிறந்த நாளுக்கும் நடக்கிறது. பரிசு உயர்ந்தால் மாட்டின் விலை உயர்கிறது. விலை உயர்ந்தால் உழவனுக்கு எட்டாமல் போகிறது. பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், முட்டை என்று தீனி போட்டு, ஆள் வைத்து நடை பழக்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகச் சக்தி உள்ளவர்கள் தொழிலதிபர்களும் நிலத் தரகர்களுமே. குடியானவன் வண்டியை விட்டு இறங்கி வேலிக்கு வெளியே நிற்கிறான்.

செலவின் மறுபக்கம் ஊர்ப் பொதுவில் விழுகிறது. வேலி, ஆம்புலன்ஸ், கால்நடை டாக்டர், போலீஸ் பந்தோபஸ்து, இன்சூரன்ஸ். இவற்றை ஒழுங்காகச் செய்தால் சிறிய ஊர் தாங்காது. செய்யாவிட்டால் அனுமதி கூடாது. வசூல் நோட்டு எடுத்துக்கொண்டு கமிட்டியார் முதலில் போவது வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குத்தான். கஞ்சிக்கோடு ஆலையிலும் மூணாற்றுத் தோட்டத்திலும் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இப்படிப் போகிறது. ஊர்ப் பற்றோடு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் போட்டிக்காகவே மாறி மாறிப் பந்தயம் வைக்கும்போது, கொடுத்த பணம் எதற்குப் பயன்பட்டது என்று கேட்கக் கொடுத்தவனுக்கு உரிமை உண்டு. பந்தயத்தின் ஓரத்தில் ஓசையில்லாமல் நடக்கும் பணயச் சூதாட்டம் இதில் சேராத தனி நஷ்டம்.

மற்ற இடங்களின் பாடம்

தடம் கட்டுவது சுலபம். ஆண்டு முழுவதும் அதற்குச் சோறு போடுவது கடினம். தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் பெரும் பொருட்செலவில் கட்டிய மோட்டார் பந்தயத் தடத்தில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் மட்டுமே ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. வரித் தகராறும் நஷ்டமும் சேர்ந்து அதை நிறுத்தின. ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தையும் 2024இல் தமிழக அரசு குத்தகை பாக்கிக்காக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் கிண்டி மைதானத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. நூற்றாண்டுப் பழமை என்பது வாடகை பாக்கியை அடைத்துவிடவில்லை.

நல்ல உதாரணமும் உண்டு. அது மங்களூர், உடுப்பிப் பக்கத்துக் கம்பளா. சேற்று வயலில் எருமைகள் ஓடும் பந்தயம். அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். கம்பளாக் கமிட்டி முன்கூட்டியே அட்டவணை போட்டு, எந்த வாரம் எந்த ஊர் என்று தீர்மானிக்கிறது. ஒரே எருமைகள் ஊர் ஊராகச் செல்கின்றன. ஓர் ஊரின் பந்தயம் மற்றோர் ஊரின் பந்தயத்தைக் கெடுப்பதில்லை. 2023 நவம்பரில் பெங்களூர் நகரிலேயே கம்பளா நடத்தும் அளவுக்கு அது வளர்ந்தது. தடங்கள் பல இருந்தும் அட்டவணை ஒன்றாக இருப்பதே அதன் பலம்.

தொழிலாளி கவனிக்க வேண்டியது

கேரளத்தில் வேலை செய்யும் தமிழருக்கு இதில் நேரடியான ஜாக்கிரதை ஒன்று உண்டு. தமிழகத்தில் அனுமதி பெற்று நடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், கேரளத்து வயலிலோ தோட்டத்திலோ நண்பர்கள் அழைத்தார்கள் என்று வண்டி ஓட்டவோ மாடு பிடிக்கவோ இறங்கிவிடுவதுண்டு. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதற்கும் பொது. தமிழகத்துக்குக் கிடைத்த விலக்கு தமிழக எல்லையோடு நின்றுவிடுகிறது. வழக்கு வந்தால் கமிட்டிப் பெரியவர்கள் வக்கீல் வைத்துத் தப்பிக்கலாம். கூலி வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியவன் வெளியூர்க்காரனே. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாட்டை லாரியில் கொண்டுபோவதற்கும் கால்நடை டாக்டரின் சான்று முதலிய விதிகள் உண்டு என்பதை வண்டி ஓட்டும் டிரைவர்கள் மறக்கக் கூடாது.

இருபுறமும் ஒரே அட்டவணை

இனி என்ன செய்யலாம்? கேரளம் சட்டத் திருத்தம் செய்து ஜனாதிபதியின் ஒப்புதலையும் பெற்றுவிட்டால் முதல் ஆண்டிலேயே ஊருக்கு ஊர் பூட்டு வயல் கேட்கும். பத்தாண்டுக்கு மேல் அடக்கிவைத்த ஆசை ஒரே நாளில் வெளிப்படுவது இயல்பு. அப்போது அனுமதியை வாரி வழங்கினால் கிழக்கே கண்ட நெரிசல் மேற்கேயும் வரும்.

ஆனால் இயற்கையே ஒரு வழி காட்டியிருக்கிறது. பாலக்காட்டுப் பூட்டின் காலம் முதல் போக அறுவடைக்குப் பிந்தியது. ஏறக்குறைய ஆவணி, புரட்டாசி. தமிழகத்துப் பந்தயங்களின் முக்கிய காலம் தை முதல் வைகாசி வரை. இரண்டு பருவங்களும் மோதிக்கொள்ளத் தேவையில்லை. மேற்கே தன் பழைய பருவத்திலும் தன் பழைய சேற்றுக் களத்திலும் நடத்தினால், மாடு வளர்ப்பவனுக்கு ஆண்டில் இரண்டு வாய்ப்புகள் கிடைக்கும்; மாட்டுக்கு இடையே ஓய்வும் கிடைக்கும். அப்படியின்றி மேற்கும் தை மாதத்தில் ரேக்ளா தடம் போடத் தொடங்கினால் இருக்கும் சில நூறு மாடுகளுக்காக இரு மாநிலங்களும் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கிழக்கே செய்ய வேண்டியது, தடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தைக் கூட்டுவது. ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக வேலி கட்டுவதைவிட, பத்துப் பதினைந்து ஊர்களுக்கு ஒரு நல்ல தடம் போதும். நிரந்தர வேலி, மாட்டுக்கு நிழல், தண்ணீர்த் தொட்டி, டாக்டர் அறை ஆகியவை அங்கே இருக்கட்டும். ஊர்கள் முறை வைத்து நடத்தட்டும். பரிசுப் பலகையில் அந்தந்த ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் இருக்கட்டும். ஒரு ஜோடி இரண்டு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஓடாதபடி காது வில்லை எண்ணைப் பதிவு செய்வது ஒன்றும் பெரிய காரியமல்ல. சாலைப் பந்தயங்களைப் படிப்படியாக இத்தகைய தடங்களுக்கு மாற்றினால் பல உயிர்கள் தப்பும்.

இரு மாநிலங்கள் சேர்ந்து அட்டவணை போடுவதா என்று சிலர் சிரிக்கலாம். இதே எல்லையில் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவிலிருந்து சித்தூர் ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று இரு அரசுகளும் கையெழுத்திட்டிருக்கின்றன. சச்சரவுகள் வந்தாலும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீரையே பங்கு போட முடிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பங்கு போடுவது அசாத்தியமல்ல. கோயமுத்தூர், பாலக்காடு, தேனி, இடுக்கி ஆகிய நான்கு மாவட்டக் கலெக்டர்களும் கால்நடைத் துறையினரும் ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசினாலே போதும்.

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். ஊருக்கு ஒரு தேர் செய்து இழுக்க ஆளில்லாமல் நிறுத்திவைப்பதில் பெருமை இல்லை. எல்லையோரத்தில் பந்தயம் நிலைக்க வேண்டுமானால் முதலில் எண்ணப்பட வேண்டியது தடத்தை அல்ல, அதில் ஓடும் மாட்டை. அந்த எண்ணிக்கைக்கு அடங்கிப் பந்தயம் நடத்தும் ஊர்களில் அடுத்த தலைமுறையும் ரேக்ளா பார்க்கும். அடங்காத ஊர்களில் பழைய நோட்டீசுதான் சுவரில் மிஞ்சும்.